தொட்டிச் செடி வாடினால் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

தொட்டிச் செடி துவண்டு கிடந்தால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

வேர்ச் செல்களும் சுவாசிக்கின்றன. ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு சுமார் 30 கிடைக்கும். மண்ணின் காற்றிடைவெளிகளில் தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் தடைபட்டால் வெறும் 2தான். அந்தச் சொற்ப ஆற்றலை வைத்து வேரால் சரியாக வேலை செய்ய முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே இலை தொங்கிவிடும், பாவம்.

தாமரை, அல்லிக்கு இது பொருந்தாது. அவற்றின் தண்டுக்குள் காற்றுக்குழல்கள் உண்டு. உச்சி வெயிலில் மட்டும் துவண்டு மாலையில் நிமிரும் செடியைப் பற்றியும் கவலை வேண்டாம்.