வீட்டு வெளிச்சுவரில் கேமரா மாட்டுவது எப்படி?

பெங்களூரில் 30க்கு 40 மனையில் வீடு என்றால், பக்கத்து வீட்டு ஜன்னல் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கும். அதனால் முதலில் கேமரா எதைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்யுங்கள். நம் கேட், வண்டி நிறுத்தும் இடம், மாடிப்படி தெரிந்தால் போதும். எதிர்வீட்டு வாசல் வந்தே தீரும் என்றால் செட்டிங்கில் பிரைவசி மாஸ்க் போட்டு மறைத்துவிடலாம். மாட்டும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வீண் சண்டை மிச்சம்.

உயரம் 9, 10 அடி. அதற்கு மேல் போனால் உச்சந்தலைதான் தெரியும். வாசலுக்கு 2.8 எம்.எம். லென்ஸ் சரி, நீளமான சந்தின் கடைசியில் நிற்பவர் முகம் வேண்டுமானால் 6 எம்.எம். கேளுங்கள். நான் சொல்வது பிஓஇ கேமராவுக்கு: மின்சாரமும் படமும் ஒரே கேபிளில், 100 மீட்டர் வரை போகும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவுதான், ஆனால் தூரம் கூடினால் வோல்டேஜ் இறங்கும்.

டிரில்லைத் தொடும் முன் ஒரு ராத்திரி சோதனை. கேமராவுக்கு மின்சாரம் கொடுத்து, ஒருவர் ஏணியில் நின்று பிடித்துக்கொள்ள, போனில் படத்தைப் பாருங்கள். சஜ்ஜாவுக்கு (ஜன்னல், வாசல் மேல் நீட்டியிருக்கும் சிலாப்) அடியில் ஒட்டி வைத்தால், இருட்டில் பார்க்க கேமரா வீசும் இன்ஃப்ராரெட் வெளிச்சம் வெள்ளை பெயின்ட்டில் பட்டுத் திரும்பி, படம் வெளுத்துப்போகும். சஜ்ஜாவோ பக்கச் சுவரோ படத்துக்குள் வராதபடி நகர்த்துங்கள்.

அப்புறம் துளை. உள்பக்கம் ஸ்விட்ச் போர்டு இருந்தால் அதற்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ போட வேண்டாம். ஒயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். கேமராவுக்குப் பின்னால் வரும் ஜங்ஷன் பாக்ஸைச் சுவரில் வைத்துப் பென்சிலால் குறித்து, 6 எம்.எம். பிட்டால் துளைத்து, திருகு பிடிக்க அதே அளவு பிளாஸ்டிக் பிளக் அடியுங்கள். செங்கல், சாலிட் பிளாக் என்றால் ஹேமர் மோடு. ஹாலோ பிளாக்கில் ஹேமரை அணைத்துவிடுங்கள், உடைந்துவிடும். பூச்சு தாண்டியதும் பிட் சட்டென்று உள்ளே இறங்கினால் அங்கே வெற்றிடம். சாதா பிளக் சும்மா சுற்றும். ஒன்றிரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள், அல்லது ஹாலோ பிளாக்குக்கென்று விற்கும் பிளக் வாங்குங்கள்.

கேபிள் துளையை வெளிப்பக்கம் தாழ்வாக வரும்படி சாய்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கே வந்துவிடும். கேபிளை விட்ட பிறகு அதன் முனையில் ஆர்ஜே45 பிளக் (நெட்வொர்க் கேபிளின் தலை) அடித்தால் சின்னத் துளையே போதும்.

கெடுவது பெரும்பாலும் கேமரா இல்லை, அதன் வால் ஒயரில் இருக்கும் இணைப்புதான். தூசி, தண்ணீர் புகாது என்பதற்கு ஐபி67 என்று அட்டையில் போட்டிருப்பது கேமராவின் உடம்புக்கு. இணைப்பை வெளியே தொங்கவிடாமல் பாக்ஸுக்குள் வையுங்கள். கேபிள் வெளியே ஓடி வந்தால், அதை 'ப' வடிவில் கீழே தொங்கவிட்டு, பாக்ஸின் அடிப்பக்கமாக ஏற்றுங்கள். தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். சிலிகான் மேல்பக்கமும் இரு பக்கமும் மட்டும். அடியைத் திறந்தே விடுங்கள், உள்ளே வேர்க்கும் ஈரம் வெளியேற வேண்டும்.

கோணத்தைத் திருப்பும்போது வானம் கொஞ்சமாகத் தெரியட்டும். அதிகம் தெரிந்தால் பகலில் முகம் கறுத்துவிடும். திருகை இறுக்கி, கேமராவோடு வந்த பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். நடுராத்திரி சும்மா சும்மா அலர்ட் வந்தால் திருடனுக்கு முன் சிலந்தியைச் சந்தேகியுங்கள்: கேமரா பக்கம் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். ஒட்டடைக் குச்சியால் தட்டிவிட்டால் போதும்.