பட்ஜெட்டில் துண்டு விழலாமா: வாதத்தில் இறங்கும் முன் கணக்கைப் படிக்கும் முறை

மத்திய அரசு வரவுக்குள்தான் செலவு செய்ய வேண்டும் என்று சட்டத்தாலேயே கட்டிப்போட வேண்டும் என்பவர்களும், அப்படிக் கட்டிப்போட்டால் நெருக்கடி நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான் என்பவர்களும் பல சமயம் வெவ்வேறு பற்றாக்குறைகளை மனத்தில் வைத்துக்கொண்டு மோதுகிறார்கள். ஆகவே, எந்தப் பற்றாக்குறை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பட்ஜெட் ஆவணங்களில் வரவு, செலவு, பற்றாக்குறை மூன்றையும் ஒரே அட்டவணையில் தரும் சுருக்க ஏடு ஒன்று உண்டு. தொடங்க அது போதும்.

2025-26 பட்ஜெட் மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். கடன் நீங்கலான வரவு 34.96 லட்சம் கோடி. துண்டு விழும் 15.69 லட்சம் கோடிதான் நிதிப் பற்றாக்குறை, ஜிடிபியில் (நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) 4.4 சதவீதம். தலைப்புச் செய்திகள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். நீங்கள் அடுத்த வரிக்குப் போங்கள். வரி போன்ற வழக்கமான வருவாயை மிஞ்சும் நடப்புச் செலவான வருவாய்ப் பற்றாக்குறை 5.24 லட்சம் கோடி, அதாவது கடனில் மூன்றில் ஒரு பங்கு சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற நடப்புச் செலவுகளுக்கே போகிறது. வீடு கட்ட வாங்கிய கடனையும் மளிகைக் கடை பாக்கியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதால், எனக்கு உறுத்தும் எண் இதுதான். (சாலை, குடிநீர் போன்ற நிலையான வசதிகளை உருவாக்க மாநிலங்களுக்குத் தரும் மானியமும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது, அந்த 4.27 லட்சம் கோடியைக் கழித்துப் பார்ப்பதே நியாயம்.) பிறகு வட்டியைப் பாருங்கள்: 12.76 லட்சம் கோடி. நிதிப் பற்றாக்குறையிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சும் முதன்மைப் பற்றாக்குறை வெறும் 2.93 லட்சம் கோடி, அதாவது துண்டில் பெரும்பகுதி பழைய கடனின் வட்டிக்கு ஈடானது.

அடுத்து, விதி இருந்தும் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 2003-ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்பு மற்றும் வரவுசெலவு மேலாண்மைச் சட்டம் வருவாய்ப் பற்றாக்குறையை அறவே ஒழிக்கச் சொன்னது. 2008 உலக நிதி நெருக்கடியில் அந்த இலக்கு கைநழுவியது. 2018 திருத்தத்தில் இலக்கே நீக்கப்பட்டது. என் பார்வையில், காக்க வேண்டியதைக் கைவிட்டுவிட்டு, நிதிப் பற்றாக்குறை 3 சதவீதம் என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். நெருக்கடியில் இலக்கிலிருந்து அரை சதவீதப் புள்ளி வரை விலகலாம் என்றது அத்திருத்தம். கொரோனா ஆண்டான 2020-21-இல் நிதிப் பற்றாக்குறை 9.2 சதவீதத்தைத் தொட்டது.

விதி கணக்கையே வளைக்கவும் வைக்கும் என்பதால், பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கப்படும் கடன்களையும் தேடிப் பார்க்க வேண்டும். ரேஷனுக்காகத் தானியம் கொள்முதல் செய்யும் இந்திய உணவுக் கழகத்துக்குத் தர வேண்டிய மானியத்தின் ஒரு பகுதி, பல ஆண்டுகள் மக்களின் சிறுசேமிப்புப் பணம் சேரும் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து அக்கழகத்தின் பெயரில் கடனாகவே கொடுக்கப்பட்டதால் பற்றாக்குறையில் தெரியவில்லை. 2021 பிப்ரவரியில் அதைக் கணக்கில் கொண்டுவந்தபோது, 2020-21-க்கு முதலில் சுமார் 1.16 லட்சம் கோடியாகக் காட்டப்பட்ட உணவு மானியம் 4.22 லட்சம் கோடியாக எகிறியது. கொரோனா காலத்தில் தரப்பட்ட இலவச அரிசி, கோதுமைக்கான செலவும் அதில் அடக்கம்.

கடைசியாகக் கடன் விகிதம். மத்திய அரசின் கடனை 2024-25-க்குள் ஜிடிபியில் 40 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றது 2018 திருத்தம். 2025 பட்ஜெட் அறிவித்த புதிய இலக்கோ 2031 மார்ச்சுக்குள் சுமார் 50 சதவீதம்.