9ஏ பட்டியலைப் பார்த்து மயங்காதீர்கள்

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வந்ததும் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரே பேச்சுத்தான்: எந்தப் பாடசாலைக்கு எத்தனை 9ஏ, அதாவது ஒன்பது பாடங்களிலும் ஏ எடுத்தவர்கள் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கையோடு தோற்றியவர்களின் தொகையையும் கேளுங்கள். 300 பேர் எழுதி 60 பேர் 9ஏ எடுத்தால் அது 20 சதவீதம். 40 பேரில் 12 பேர் எடுத்தால் 30 சதவீதம். எண்ணிக்கைப்படி முதலாவது பாடசாலை மேலே, சதவீதப்படி இரண்டாவது. இரண்டு பட்டியலும் பொய்யில்லை. ஆனால் மதில் பதாகையில் தமக்குச் சாதகமானதைத்தான் போடுவார்கள்!

இன்னொரு கணக்கும் உண்டு. தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்றில் குறைந்தது சி (திறமைச் சித்தி): உயர்தர வகுப்பில் சேர இந்தத் தகுதி பெற்ற மாணவர் எத்தனை வீதம்? நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளைக்கு இடம் தேடும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

பிரபல பாடசாலைகள் சில, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் அதிக புள்ளி பெற்றவர்களைத் தரம் 6இல் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே 9ஏ குவிவதில் வியப்பில்லை. உயர்தரத்துக்குப் பாடசாலை தேடுவதென்றால் மொத்தத் தொகையை விட்டு, பிள்ளை படிக்கப்போகும் பிரிவின் பெறுபேற்றைத் தனியாகக் கேளுங்கள்; வர்த்தகத்தில் பெயர்பெற்ற இடத்தில் பௌதிகவியல் தள்ளாடலாம்.