கார்பன் வரிப் பணத்தில் காடு வளர்ப்பது: பலரும் சறுக்கும் இடங்கள்

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிகாவில் பெட்ரோல் போடுகிற ஒவ்வொருவரும் காட்டுக்கும் கொஞ்சம் காசு கொடுத்துவிட்டுத்தான் போகிறார். அங்கே எரிபொருள் வரியில் 3.5 சதவீதம் ஃபோனாஃபிஃபோ என்ற தேசிய வன நிதியத்துக்குப் போகிறது. தங்கள் நிலத்தில் இருக்கும் காட்டை வெட்டாமல் காப்பவர்களுக்கும் மரம் வளர்ப்பவர்களுக்கும் அந்த நிதியம் ஒப்பந்தம் போட்டுப் பணம் தருகிறது. 1997-ல் தொடங்கிய ஏற்பாடு இது. 1980-களில் நாட்டின் பரப்பில் கால்வாசிக்கு அருகே சுருங்கிவிட்டதாகக் கணக்கிடப்பட்ட காடு, இன்று பாதியைத் தாண்டிவிட்டது.

புகைக்கு விலை (அதுதான் கார்பன் வரி), காட்டுக்கு நிதி, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று பேசுபவர்கள் எல்லோரும் இந்தக் கதையைத்தான் முதலில் எடுப்பார்கள். முதல் தவறும் இங்கேதான் நடக்கிறது. காடு திரும்பியதற்கான பாராட்டு முழுவதையும் வரிக்கே கொடுத்துவிடுகிறோம். வரிக்கு வழி செய்த அதே 1996 வனச் சட்டம், காட்டை அழித்து வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது என்றும் தடை போட்டது. அதற்கு முன்பே மாட்டிறைச்சி விலை சரிந்து, மேய்ச்சல் நிலத்துக்காகக் காட்டை அழிப்பதில் இருந்த லாபம் குறைந்திருந்தது. சுற்றுலாவும் வளர்ந்தது. தடையும் கண்காணிப்பும் இல்லாத நாடு வரியை மட்டும் நகல் எடுத்தால், அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது, சட்டத்தில் எழுதிவிட்டால் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கை. கோஸ்டாரிகாவிலேயே முதலில் எரிபொருள் வரியில் மூன்றில் ஒரு பங்கு காட்டுக்கு என்று எழுதியிருந்தார்கள். நிதி அமைச்சகம் அதை முழுசாகக் கொடுக்கவே இல்லை. 2001-ல் பங்கை 3.5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் அந்தச் சின்னப் பங்கு ஒழுங்காக வர ஆரம்பித்தது. ஏட்டில் இருந்த பெரிய பங்கைவிடக் கைக்கு வந்த சின்னப் பங்கு மேல் என்பது என் கணிப்பு.

நம் ஊர்க் கதை இதைவிடக் கசப்பானது. 2010-ல் இந்தியா நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான கூடுதல் வரி) போட்டது. நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரியும் அதில் அடக்கம். 2016-க்குள் அது 400 ரூபாய் ஆனது. இதற்கென்று தேசியத் தூய ஆற்றல் நிதியம் என ஒன்று இருந்தது. அதன் பணம் காட்டுக்கானது அல்ல, தூய ஆற்றலுக்கானது. ஆனாலும் பாடம் ஒன்றுதான். 2017-18 வரை வசூலானது சுமார் 86,000 கோடி ரூபாய். நிதியத்துக்குப் போய்ச் சேர்ந்தது 30,000 கோடிக்கும் குறைவு. உண்மையில் செலவானது ஏறத்தாழ 16,000 கோடி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும், மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் செஸ்ஸுக்குள் அந்த நிலக்கரி செஸ் கரைந்துபோனது. ஆகவே வரி விகிதம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், பணம் எந்தக் கணக்கில் விழுகிறது, அதை யார் திறக்க முடியும் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது தவறு கொஞ்சம் நுட்பமானது: கார்பன் வரியையும் கார்பன் கிரெடிட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. இத்தனை டன் உமிழ்வைத் தவிர்த்தோம் என்று ஒரு திட்டம் பெற்று விற்கும் சான்றுதான் கிரெடிட். தென் அமெரிக்காவின் கொலம்பியா 2017-ல் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 15,000 பேசோ, அதாவது சுமார் 5 டாலர், வரி போட்டது. கூடவே ஒரு வாசலையும் திறந்துவிட்டது. உள்நாட்டுத் திட்டங்களின் கிரெடிட்டை வாங்கிக் கொடுக்கும் நிறுவனம் அந்த அளவுக்கு வரி கட்ட வேண்டாம். கிரெடிட்டின் விலை வரியைவிடக் குறைவு என்றால் யார் வரி கட்டுவார்கள்? அரசுக்கு வர வேண்டிய பணம் காட்டுத் திட்டங்களுக்குத் திரும்பியது. சரி, பணம் காட்டுக்குத்தானே போகிறது, அதில் என்ன என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

சிக்கல் கிரெடிட்டைக் கணக்கிடும் விதத்தில் இருக்கிறது. “இந்தத் திட்டம் இல்லாவிட்டால் இவ்வளவு காடு அழிந்திருக்கும்” என்ற ஊகம்தான் அடிப்படை. ஊகத்தைப் பெரிதாக்கினால் கிரெடிட்டும் பெருகும். ஊகத்தைப் போடுவது திட்டத்தை நடத்துபவர். சரிபார்க்கிறவருக்குக் கூலி கொடுப்பதும் பெரும்பாலும் அவரே. வேலிக்கு ஓணான் சாட்சி. ஊகம் தவறினால் பெட்ரோலும் எரிந்திருக்கும், வரியும் வந்திருக்காது, கூடுதலாக ஒரு மரமும் பிழைத்திருக்காது. 2022 வரிச் சீர்திருத்தத்தில் கொலம்பியா இந்த வாசலைப் பாதி மூடியது. கட்ட வேண்டிய வரியில் 50 சதவீதம் வரைதான் இனி கிரெடிட்டால் ஈடுகட்டலாம்.

ஈடுகட்டுவதிலேயே இன்னொரு ஓட்டை உண்டு. எடுக்காமல் விட்ட நிலக்கரி மண்ணுக்குள் கிடக்கும். மரத்தில் சேர்ந்த கார்பன் ஒரு காட்டுத் தீயில் ஒரே வாரத்தில் திரும்பிவிடும். இரண்டையும் ‘ஒரு டன்’ என்று சமமாக எழுதுவது கணக்குப் புத்தகத்தில் மட்டுமே சரி.

டன்னுக்கு மட்டும் காசு கொடுத்தால் வேகமாக வளரும் மரம்தான் ஜெயிக்கும். நீலகிரியில் சோலைப் புல்வெளிகள் மேல் சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டதன் விலை என்ன என்பதை நாம் பார்த்தாயிற்று. அவை கார்பன் பணத்துக்காக நடப்பட்டவை அல்ல. ஆனால் மரம் இருந்தால் காடு என்ற அதே எண்ணம். கோஸ்டாரிகா சட்டம் இதில் கவனமாக இருந்தது. கார்பன், தண்ணீர், பல்லுயிர், இயற்கை அழகு ஆகிய நான்கையும் காடு தரும் சேவைகளாக எழுதி வைத்தது.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. கார்பன் வரி வெற்றி பெற்றால் வருமானம் வற்றும். கோஸ்டாரிகாவில் மின்சாரம் ஏறக்குறைய முழுக்கப் புதுப்பிக்கத்தக்கது, அதனால் எரிபொருள் வரியின் பெரும்பகுதி வாகனங்களிலிருந்து வருகிறது. 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் திட்டத்தை அந்த நாடு 2019-ல் அறிவித்தது. பேருந்தும் காரும் மின்சாரத்துக்கு மாற மாற, காட்டுக்குப் போகும் காசும் குறையும். காட்டுக்கோ ஆண்டுதோறும் செலவு இருக்கிறது. தண்ணீர்ப் பயன்பாட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை அங்கே ஏற்கெனவே காட்டுக்குத் திருப்பியிருக்கிறார்கள். பெட்ரோல் பங்க்கில் விழும் காசைவிட அது மிகச் சிறியதுதான், ஆனால் தண்ணீர் குடிப்பதை யாரும் நிறுத்தப்போவதில்லை.