ஒரே மென்பொருள், ஐம்பது கடைகள்: எங்கே சறுக்குகிறோம்?

ஒரே மென்பொருளைப் பல கடைகளுக்குக் கொடுக்கிறோம். ஒரு கடைக்கு யூபிஐ மட்டும் போதும். இன்னொன்றுக்குக் கார்டும் வேண்டும். மூன்றாவது கடைக்காரர், பொருளைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்குபவர். 'இந்தக் கடை என்றால் இப்படிச் செய்' என்று கோடுக்குள் (நிரலுக்குள்) ஒரு இஃப் போட்டு வேலையை முடிப்போம். முதல் கடைக்கு அது பெரிய குற்றமில்லை. ஐந்தாவது கடைக்கும் அதையே செய்தால்தான் வினை. பேமென்ட் சேவையில் ஒரு இஃப், பில்லிங்கில் இரண்டு, டெலிவரியில் ஒன்று என்று சிதறிய பிறகு, எந்தக் கடைக்கு எது மாறுகிறது என்று எழுதியவருக்கே தெரியாது. கடையின் பெயரை வைத்துப் பிரிக்காமல் வசதியை வைத்துப் பிரியுங்கள்.

சரி, வசதிகளைப் பட்டியல் போட்டாயிற்று. அதோடு நிறுத்துவது அடுத்த தவறு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ஃபோடா (வசதிகளை வைத்து மென்பொருளைப் பகுத்தாயும் முறை) அறிக்கையிலேயே, கட்டாயம், விருப்பம், ஏதாவது ஒன்று என்ற பிரிவுகளோடு 'இது இருந்தால் அதுவும் வேண்டும்', 'இவை இரண்டும் சேராது' என்ற விதிகளும் உண்டு. பலர் வசதிகளைக் கிளை கிளையாகக் காட்டும் மரப்படத்தை அழகாக வரைந்துவிட்டு இந்த விதிகளை விட்டுவிடுகிறார்கள். சேவைகளாகப் பிரித்த மென்பொருளுக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது. பேமென்ட்டில் 'கேஷ் ஆன் டெலிவரி'யைத் திறந்தால், டெலிவரி சேவைக்குப் பணம் வசூலிக்கத் தெரிய வேண்டும். இரண்டு குழுவும் தத்தம் சேவையைச் சோதித்து 'பாஸ்' போட்டிருக்கும். ஆர்டர் நடுவில் தொங்கும். விதியே இல்லாமல், வசதிகளை ஆன்-ஆஃப் செய்யும் 20 சுவிட்சுகள் என்றால் 10,48,576 சேர்க்கைகள். யார் சோதிப்பது?

எல்லாவற்றையும் ஓடும்போதே மாற்றலாம் என்று விடுவதும் வேண்டாத ஆசைதான். எந்த நாட்டு வரிமுறை என்பதை நிறுவும்போதே முடிவு செய்துவிடலாம்.

அப்புறம், பழைய சுவிட்சுகள். அமெரிக்காவின் நைட் கேபிடல் பங்கு வர்த்தக நிறுவனம், 2003-இலேயே பயன்பாட்டை நிறுத்திய ஒரு வசதியின் கோடை அழிக்காமல் வைத்திருந்தது. 2012-இல் அந்த வசதியை இயக்கிய அதே ஃப்ளாகை, அதாவது சுவிட்சை, புதிய வசதிக்குக் கொடுத்தார்கள். 8 சர்வர்களில் ஒன்றுக்குப் புதிய கோடு போய்ச் சேரவில்லை. ஆகஸ்ட் 1 காலை ஃப்ளாக் ஆன் ஆனதும், அந்த ஒரு சர்வரில் பழைய வசதி விழித்துக்கொண்டு ஆர்டர்களைக் கொட்டியது. சுமார் 45 நிமிடங்களில் செய்த வர்த்தகத்தால் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இடையில் பதறிப்போய், சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய கோடை எடுத்துவிட்டார்கள். ஃப்ளாக் ஆனிலேயே இருந்ததால் அந்த ஏழும் பழைய வசதியை ஓட்டத் தொடங்கின.