அமியோடரோன் சாப்பிடுகிறீர்களா? வெயிலைக் கவனியுங்கள்

இதயத் துடிப்பு தாறுமாறாகாமல் இருக்க அமியோடரோன் சாப்பிடுபவர்களில் பலருக்கு வெயில் சட்டென்று சுட்டுவிடும். மொட்டை மாடியில் துணி காயப்போட்டு வந்தாலே முகமும் கையும் சிவந்து எரியலாம். கண்ணாடி வழியாக வரும் வெயிலும் விடாது. பஸ்ஸில் நிழல் பக்கமாக உட்காருங்கள். முழுக்கைச் சட்டை, குடை, ஜிங்க் ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். (குடைக்கு வெட்கப்படும் ஆண்கள் அகலமான தொப்பியாவது போடுங்கள்.) மாத்திரையை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் இதே கவனம் தேவை. உடம்பை விட்டு அவ்வளவு மெதுவாகத்தான் அது போகும்.

அப்புறம், 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அவ்வளவு அயோடின் தைராய்டைப் பாதிக்கலாம் என்பதால் 6 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு ரத்தப் பரிசோதனை அவசியம்; கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் கூடவே செய்ய வேண்டும். வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், பார்வை மங்கல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.