ஸ்டெப்னி ஸ்டாண்டு லாக் நிற்கவில்லையா? முதலில் கீலை ஆட்டிப் பாருங்கள்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை விடியற்காலை இருட்டிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஏறுகிற வழி கேரளத்தில் இருக்கிறது. வழி என்று மரியாதைக்குச் சொல்கிறேன், தேயிலைக்கு நடுவே கொட்டிக் கிடக்கும் கல்தான் அது. முதல் கியரில் ஊர்ந்தாலும் வண்டியில் இருக்கிற அத்தனை நட்டும் ஆடும்.

என் வண்டியில் ஸ்டெப்னி பின்பக்கம் ஒரு தனி இரும்புக் கையில் தொங்குகிறது. வலது ஓரம் கீல், இடது ஓரம் லாக். கதவைத் திறக்க வேண்டுமானால் லாக்கை விட்டு, டயரோடு கையை வெளியே சுழற்ற வேண்டும். ஒரு ஆனி மாதத்தில், மூடுபனியில் ஏறிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த வண்டிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். வழி கேட்கிறார் என்று நினைத்து ஓரம் ஒதுங்கினேன். ஒதுங்கியதுதான் தப்பு. ஏற்றத்தில் லாக் விட்டு, கை முழுசாகத் திறந்து கிடந்திருக்கிறது. ஓரத்து மண்திட்டில் இடித்து டெயில் லைட் நொறுங்கியது. "அண்ணே, டயரு உங்க வண்டியவிட்டு எறங்கி நடந்து வருதுண்ணே" என்றார் பின்னால் வந்தவர். அவர் பத்தடி தள்ளி நிறுத்தியிருந்தார். ஒட்டி வந்திருந்தால் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

அதற்கு முந்தைய வாரம் மட்டும் மூன்று தடவை லாக்கை இறுக்கியிருந்தேன். இறுக்கினால் இரண்டு நாள் நிற்கும், மறுபடி லொடலொட. லாக்கில் ஒன்றுமே கோளாறு இல்லை என்பது ஸ்டாண்டைக் கழற்றிப் பிரித்த பிறகுதான் புரிந்தது.

லாக்கின் வேலை கையை வண்டியோடு சேர்த்து இழுத்துப் பிடிப்பது, அவ்வளவுதான். எடையைத் தாங்குவது அதன் வேலை இல்லை. எடையை ஒரு பக்கம் கீல் தாங்க வேண்டும், மறுபக்கம் கையின் நுனி வந்து உட்காரும் தாங்கு கட்டை தாங்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தேய்ந்தாலும் பாரம் லாக்கின் கொக்கியில் விழுகிறது. என் டயரையும் டிஸ்க்கையும் ஏலக்காய் மூட்டை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன், 28 கிலோ. சும்மா நிற்கும்போதுதான் 28. குழியில் விழுந்து எழும்போது அது பல மடங்கு அடி. அந்த அடியை விரல் பருமன் கொக்கி எத்தனை நாளைக்கு வாங்கும்?

ஆகவே ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சரிவில் நிறுத்தினால் கை தானாகவே திறந்து முகத்தில் அடிக்கும். டயர் ஸ்டாண்டின் கையிலேயே இருக்கட்டும். லாக்கை விட்டு, கையை ஒரு சாண் மட்டும் திறந்து, நுனியைப் பிடித்து மேலும் கீழும் தூக்கி ஆட்டுங்கள். கண் கீலில் இருக்கட்டும். அங்கே 'டக் டக்' என்று அசைவு தெரிந்தால் கோளாறு கீலில்தான்.

'ஒரு மில்லிமீட்டர் ஆட்டம்தானே' என்று விட்டுவிடாதீர்கள். கீல் ஆணி சுழலும் உலோக வளையம்தான் புஷ். என் ஸ்டாண்டில் மேல் புஷ்ஷுக்கும் கீழ் புஷ்ஷுக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர், கையின் நீளம் 90 சென்டிமீட்டர். கீலில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் வந்தால் நுனி நாலரை மில்லிமீட்டர் தொங்கிவிடும். கொக்கி எங்கே போய் மாட்டும்? நாம் வழக்கமாக என்ன செய்கிறோம் என்றால், காலால் டயரை உந்தித் தூக்கி லாக்கை மாட்டுகிறோம். அப்படி உந்த வேண்டியிருக்கிறது என்றாலே கை தொங்கிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது தாங்கு கட்டை. மளிகைச் சீட்டு மாதிரி மெல்லிய காகிதத் துண்டைக் கட்டையின் மேல் வைத்து, கையை மூடி லாக் போட்டு, காகிதத்தை இழுங்கள். கிழிந்தால் கை கட்டையில் உட்கார்ந்திருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் எடை முழுவதும் கீலிலும் கொக்கியிலும் தொங்குகிறது. எனக்குக் காகிதம் கசங்காமல் வந்தது.

இனி வேலை. டயரைக் கழற்றிக் கீழே வையுங்கள். கையில் டெயில் லைட் ஒயர் ஓடினால் அதையும் கழற்றி விடுங்கள். கீல் ஆணியைத் தட்டுவதற்கு முன் கைக்கு அடியில் ஜாக்கியோ மரக்கட்டையோ முட்டுக் கொடுங்கள். டயர் இல்லாத ஸ்டாண்டுக் கையே பாதத்தில் விழுந்தால் நகம் பெயரும் அளவுக்குக் கனம். துருப்பிடித்து இறுகியிருந்தால் முந்தின நாள் ராத்திரியே டீசல் ஊற்றி ஊற வைத்துவிடுங்கள். காலையில் சுத்தியலுக்கு வேலை குறையும்.

ஆணியை எடுத்ததும் வெர்னியர் அளவுகோல் வைத்து மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். என் ஆணி 20 மில்லிமீட்டர். புஷ் உட்கார்ந்த இடத்தில் மட்டும் 19.3 ஆகத் தேய்ந்து இடுப்பு சிறுத்திருந்தது. புஷ்ஷோ முட்டை வடிவம். அதைச் செய்த பட்டறையில் கிரீஸ் உள்ளே அடிக்கும் சின்ன முனையான நிப்பிளை வைக்காமல் விட்டிருந்தார்கள். உள்ளே செம்மண்ணும் துருவும் சேர்ந்த பசைதான் இருந்தது, எண்ணெய் என்று ஒரு சொட்டு இல்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு போடிக்கு இறங்கி லேத்தில் கொடுத்தேன். புது ஆணி, கன்மெட்டல் என்கிற வெண்கல வகையில் புஷ் இரண்டு, நடுவில் நிப்பிள். லேத்காரரிடம் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: புஷ் கூட்டுக்குள் இறுக்கமாக அடித்து ஏற வேண்டும், ஆணி புஷ்ஷுக்குள் கையால் தள்ளினால் போக வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. ஆணியை மட்டும் மாற்றிப் பழைய புஷ்ஷிலேயே போடுகிற சிக்கனம் வேண்டாம். ஒரே மழைக்காலத்தில் பழைய கதைக்கு வந்துவிடும்.

கீலைப் பூட்டிய பிறகு, டயரையும் மாட்டிவிட்டுத்தான் தாங்கு கட்டையைச் சரிசெய்ய வேண்டும். டயர் மாட்டாத கையில் அளவெடுத்தால் டயர் ஏறியதும் அளவு மாறும். என் ஸ்டாண்டில் இருந்தது ஒரு ரப்பர் துண்டு, நசுங்கித் தட்டையாகிவிட்டது. அதற்குப் பதிலாக, சமையலறையில் காய் வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை இருக்கிறதே, அதிலிருந்து ஒரு துண்டு அறுத்துப் போட்டேன். வீட்டில் திட்டு விழுந்தது என்பது வேறு. ஆனால் அது தண்ணீர் குடிக்காது, வழுக்கும், ரப்பர்போல அமுங்கிப் போகாது. கை வந்து ஏறும் பக்கத்தை அரத்தால் சரிவாக ராவிக்கொள்ளுங்கள். மூடும்போது நுனி அந்தச் சரிவில் ஏறி இரண்டு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஸ்க்ரூவின் தலை பலகைக்குள் புதைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையிலேயே உரசும். பிறகு அதே காகிதச் சோதனை. இந்தத் தடவை கிழிந்தது.

இப்போதுதான் லாக்குக்கு வருகிறோம். பெரும்பாலான ஸ்டாண்டுகளில் இருப்பது கைப்பிடியை அழுத்தினால் கொக்கி இழுத்துப் பிடிக்கும் வகை. ஏர் ஃபில்டர் டப்பா மூடியின் கிளிப்பைப் பார்த்திருப்பீர்கள், அதே சூத்திரம். மூன்று புள்ளிகள் உண்டு: கொக்கி மாட்டும் இடம், கைப்பிடி சுழலும் பின், கொக்கித் தண்டு கைப்பிடியோடு சேரும் பின். அழுத்தும்போது இந்தத் தண்டின் பின், மற்ற இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டைத் தாண்டிப் போய்ப் படுக்க வேண்டும். தாண்டிவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் லாக் இன்னும் இறுகுமே தவிரத் திறக்காது. தாண்டாமல் நின்றால் முதல் பள்ளத்திலேயே எகிறிவிடும். உங்கள் உள்ளங்கையை எடுத்ததும் கைப்பிடி லேசாக மேலே எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் தாண்டவில்லை. பல நேரம் காரணம் அடியில் இறுகிப்போன மண்தான். ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போதும்.

கழுவிய பிறகும் கைப்பிடி பக்கவாட்டில் ஆடினால் பின்கள் தேய்ந்திருக்கின்றன. அவை ரிவெட் அடித்தவை. ஒரு பக்கத் தலையை கிரைண்டரில் சீவி, பஞ்ச் வைத்துத் தட்டி எடுங்கள். ஓட்டை முட்டையாகியிருந்தால் ஒரு சைஸ் பெரிதாக டிரில் போட்டு, தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டைப் பின்னாகப் போடலாம். ஆனால் மரை இல்லாத வழவழப்பான பகுதிதான் ஓட்டைக்குள் வர வேண்டும். நீளமான போல்ட்டாக வாங்கி, மிச்ச மரையை அறுத்துவிடுங்கள். மரை உள்ளே இருந்தால் அதுவே அரமாகி ஓட்டையைத் தின்னும். நட்டு, உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டாக இருக்கட்டும். கைப்பிடி தடையில்லாமல் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

கொக்கித் தண்டின் நீளத்தை மரையில் சுற்றி மாற்றலாம். அரைச் சுற்று கூட்டி மூடிப் பாருங்கள், பிறகு இன்னொரு அரைச் சுற்று. உள்ளங்கையை ஊன்றி ஒரு தம் பிடித்து அழுத்தினால் மூடிக்கொள்ள வேண்டும். முழங்காலோ சுத்தியலோ தேவைப்பட்டால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். அந்த இறுக்கம் கொக்கியை நிமிர்த்திவிடும், இல்லை பிராக்கெட்டின் வெல்டிங்கை உரித்துவிடும். சரியான இடம் கிடைத்ததும் லாக் நட்டைப் பூட்டி, நட்டிலிருந்து தண்டு வரை பெயின்டால் ஒரு கோடு இழுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு சுற்றியிருக்கிறது என்று டீக்கடையில் நின்றே கண்டுபிடித்துவிடலாம்.

கைப்பிடியில் ஒரு ஓட்டை போட்டு, அது தானாக எழும்பாமல் தடுக்க ஆர் கிளிப் (R எழுத்து வடிவில் வளைத்த கம்பிப் பின்) ஒன்றை மாட்டுங்கள். இதை நான் விருப்பம் என்று சொல்லவில்லை. கிளிப் இல்லாமல் மலை ஏறக் கூடாது.

கிரீஸ் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. கீலுக்குள் நிப்பிள் வழியாகத் தாராளமாக அடியுங்கள். பழையது ஓரத்தில் பிதுங்கி வரட்டும். ஆனால் லாக்கில் கிரீஸைத் தடவாதீர்கள். வெளியே திறந்து கிடக்கிற இடம் அது. புழுதி ஒட்டி, உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி பின்னைத் தின்றுவிடும். பின்களுக்கு இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய், வழிந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

வெல்டிங் வைக்க நேர்ந்தால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். டீசல் டேங்க்கும் ஒயரும் எங்கே ஓடுகின்றன என்று குனிந்து பார்த்த பிறகே பொறி பறக்கட்டும். ஸ்பிரிங் பக்கத்தில் சூடே வேண்டாம், விறைப்பு போய்விடும்.

டயரைத் தனிக் கை இல்லாமல் பின்கதவிலேயே மாட்டியிருப்பவர்களுக்கும் கணக்கு இதுதான். கம்பெனி கொடுத்த டயரைவிடப் பெரியதைப் போட்டால் கதவின் கீல் தொங்கும், லாக் வந்து மாட்டும் வளையத்தில் மேலோ கீழோ உரசிய தடம் தெரியும். கீல் நன்றாக இருந்தால் மட்டும் வளையத்தை நகர்த்துங்கள். தளர்த்தும் முன் அதைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள், திரும்பிவர வழி தெரியும்.

நடுமலையில் லாக் உடைந்தால்? டயரைக் கழற்றி உள்ளே போட்டு, சீட்டுக் காலோடு சேர்த்துக் கட்டுங்கள். கட்டாமல் போட்டால் இறக்கத்தில் அது முன்னால் வரும். உள்ளே இடம் இல்லையென்றால் கயிறு இரண்டு வேண்டும், ஒன்று கையை வண்டியோடு இழுக்க, இன்னொன்று நுனியை மேலே தூக்கிப் பிடிக்க. பழைய ட்யூபை அறுத்த பட்டையை நம்பாதீர்கள். அது இழுபடும், இழுபட்டால் கை அடிக்கும். கட்டிய கயிறு நம்பர் பிளேட்டையும் லைட்டையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், போடிமெட்டு செக்போஸ்ட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

ஒரு சின்னக் கதை. நாம் ஸ்டெப்னி என்கிறோமே, அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த தாமஸ் மாரிஸ் டேவிஸ் 1904இல் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்தார். அதற்கு முன் கார்கள் பெரும்பாலும் மாற்றுச் சக்கரம் இல்லாமலே வந்தன. அந்தத் தெருவின் பெயரை நாம் மலைமேல் இழுத்துக்கொண்டு அலைகிறோம்.

வேலை முடிந்ததும் 5 கிலோமீட்டர் மோசமான பாதையில் ஓட்டிவிட்டு, எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புது புஷ்ஷும் புதுக் கட்டையும் கொஞ்சம் அமரும், கொக்கியில் கால் சுற்று கூட்ட வேண்டிவரலாம். பிறகு மாதம் ஒருமுறை கிரீஸ், வாரம் ஒருமுறை நுனியைத் தூக்கி ஆட்டுவது. ஆர் கிளிப்பை மட்டும் அரை டஜனாக வாங்கி, கொக்கியோடு சின்ன ஒயரால் கட்டி வையுங்கள். நான் கட்டாமல் விட்டு நாலைத் தொலைத்திருக்கிறேன். கொழுக்குமலைக்கு ஏறும்போது கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள், என்னுடையதுதான்.